கதவு நிற்காத கார்

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள். ஒன்று பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று ஓடுகிற குடும்பக் கார். மற்றது 1994 ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இரண்டு இருக்கை, துணிக்கூரை, சுவிட்சைப் போட்டால் தவளைக் கண் மாதிரி எழும்பி நிற்கும் முன்விளக்கு. இங்கே இங்கிலாந்தில் எப்போதாவது நல்ல வெயில் வந்தால், ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் அதில் ஒரு சுற்றுப் போய் வருவோம். அவளுக்கு எட்டு வயது. (பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைக்கு உரிய இருக்கை வேண்டும். அவளுடைய இருக்கையைப் பூட்டித்தான் போவோம்.)

இந்த வருடம் மார்ச் மாதம், காற்று அடித்த ஒரு ஞாயிறு. கடையின் கார் தரிப்பிடத்தில் நிறுத்தினேன். நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் மகள் தன் பக்கத்தால் இறங்கி, காரைச் சுற்றி ஓடிவந்து, என் கதவைத் திறந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் பிடிச்சிருக்கிறன் அப்பா, நீங்க இறங்குங்கோ.”

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் அவளுடைய இடது கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். கதவின் முன் ஓரம், கீல் இருக்கிற பக்கம், கதவுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நாலு விரலும் உள்ளே. “கையை எடு!” என்று நான் கத்தவும், காற்று கதவைத் தள்ளவும் சரியாக இருந்தது. விரல்கள் வெளியே வந்துவிட்டன. கதவு என் முழங்காலில் அடித்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்தக் கதவு நிற்காமல் போய் இரண்டு வருடமாவது இருக்கும். மேட்டில் நிறுத்தினால் காலில் வந்து விழும், பள்ளத்தில் நிறுத்தினால் பக்கத்துக் காரில் போய் இடிக்கப் பார்க்கும். நான் முழங்காலால் பிடித்துக்கொள்ளப் பழகினேன். மனைவி காலைக் குறுக்கே வைக்கப் பழகினார். அப்பா ஒருநாள் ஏறிப் பார்த்துவிட்டு, “தம்பி, உது கதவில்லை, ஊஞ்சல்” என்று சிரித்தார். எல்லோருக்கும் பழகிப்போச்சு. மகளும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள், எனக்குச் சொல்லாமல். மென்பொருள் வேலையில் இதை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு பிழையைத் திருத்தாமல் நாலு பேர் அதைச் சுற்றிப் போகப் பழகிவிட்டால், ஐந்தாவதாக வருகிறவருக்கு அது பிழை என்றே தெரியாது. எங்கள் வீட்டில் அந்த ஐந்தாவது ஆள் ஒரு குழந்தை.

சின்னச் சாமான், பெரிய வேலை

கார்க் கதவைத் திறக்கும்போது பாதியில் ஒருமுறை, முழுவதும் திறந்ததும் ஒருமுறை ‘டக்’ என்று நிற்கிறதல்லவா? அதைச் செய்வதுதான் செக் ஸ்ட்ராப். ஸ்ட்ராப் என்றால் வார். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றில் உண்மையாகவே ஒரு தோல் வார்தான் கதவை மிஞ்சிப் போகாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு வார் போய் இரும்பு வந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்போது பெரும்பாலான கார்களில் இருப்பது இதுதான்: இரண்டு கீலுக்கும் நடுவே, தூணிலிருந்து கதவுக்குள் போகும் ஒரு தட்டையான இரும்புப் பட்டை. அதில் மேடும் பள்ளமுமாக இரண்டு மூன்று இடங்கள். கதவுக்குள்ளே ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் பட்டையை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் உருளைகள் அல்லது பிளாஸ்டிக் கட்டைகள், அவற்றுக்குப் பின்னால் ஸ்பிரிங் அல்லது கடினமான ரப்பர். கதவைத் திறக்கத் திறக்கப் பட்டை பெட்டிக்குள்ளால் நகரும். உருளை பள்ளத்தில் விழுந்தால் கதவு நிற்கும். பட்டையின் கடைசியில் ஒரு தடிப்பு, அது பெட்டியில் வந்து முட்டினால் கதவு அதற்கு மேல் போகாது.

இதற்கு எவ்வளவு பாரம் விழுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கதவின் கைபிடி கீலிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் தூரம். செக் ஸ்ட்ராப் கீலிலிருந்து சுமார் 7 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கைபிடியில் 5 கிலோ கொடுத்துத் தள்ளினால் ஸ்ட்ராப்பில் விழுவது 70 கிலோ. மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று திறந்த கதவின்மேல் நேராக அடித்தால் சுமார் 8 கிலோ விசை வரும். அது கதவின் நடுவில் தள்ளுவதாக வைத்தாலும் ஸ்ட்ராப்பில் 50 கிலோவுக்கு மேல். அதுகூடக் கதவு அசையாமல் நிற்கும்போதுதான். கதவு வேகமாகப் போய் முட்டி நின்றால் இன்னும் பல மடங்கு.

அதே கணக்கை விரலுக்குப் போட்டுப் பார்த்ததுதான் என் நித்திரையைக் கெடுத்தது. கீலுக்கு 2 செ.மீ. தூரத்தில் ஒரு விரல் இருந்தால், கதவின் நுனியில் விழும் விசை அங்கே 50 மடங்கு ஆகிறது. நுனியில் 1 கிலோ என்றால் விரலில் 50 கிலோ. பிள்ளைகளுக்கு “கதவு சாத்தும்போது கை கவனம்” என்று பூட்டுப் பக்கத்தைத்தான் காட்டிக் கொடுக்கிறோம். கீல் பக்க இடுக்கை யாரும் காட்டுவதில்லை. இது கார்க் கதவுக்கு மட்டுமில்லை, வீட்டுக் கதவுக்கும் பொருந்தும்.

ஏன் இந்த மாதிரிக் கார்களில் சீக்கிரம் தேய்கிறது?

இரண்டு கதவுக் கார்களில் கதவு நீளம், அதனால் பாரமும் கூட. இருக்கை தரையோடு தரையாக இருப்பதால் இறங்கும்போது நாம் கதவில் கையை ஊன்றி எழும்புகிறோம். குடும்பக் காரில் நாலு கதவுக்குப் பங்கு போகும் வேலை, இங்கே இரண்டுக்கு மட்டும். அதிலும் தனியாக ஓட்டுகிற நாட்கள்தான் அதிகம், ஆகவே ஓட்டுநர் பக்கம் முதலில் போகும். முப்பது வருடம் ஒரு நாளைக்கு நாலு தரம் திறந்து மூடினால் நாற்பதாயிரம் தரத்துக்கு மேல் வருகிறது. இதில் காரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கிரீஸ் பூசாமல் விட்ட என்னைத்தான் சொல்ல வேண்டும்.

தேய்வுக்கு அடையாளங்கள் உண்டு. முதலில் ‘டக்’ மெதுவாகி, பிறகு காணாமல் போகும். சில கார்களில் நேர் எதிராக, துருப்பிடித்துக் கதவு ‘கிறீச்’ என்று கத்தும், ‘டொக்’ என்று குதிக்கும். இரண்டாவது வகையைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து. பட்டை இறுகிப்போனால் திறக்கிற ஒவ்வொரு தரமும் தூணின் தகட்டைப் பிடித்து இழுக்கும். நாளடைவில் தகடு வெடிக்கலாம், பற்றவைப்பு விட்டுப் போகலாம். பழைய போர்ஷ 911 வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தூணில் செக் ஸ்ட்ராப் பிடித்திருக்கும் இடம் பிய்ந்துபோன கதையை அவர்கள் நன்றாக அறிவார்கள். அந்த நிலைக்குப் போனால் அது ஸ்பானர் வேலை இல்லை, வெல்டிங் வேலை.

ஆகவே முதலில் ஒரு சோதனை. சமதரையில் நிறுத்தி, கதவைப் பாதி திறந்து கையை விடுங்கள். நிற்க வேண்டும். பிறகு ஒரு டோர்ச் லைட்டோடு குனிந்து, கதவை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லித் தூணில் பட்டை சேரும் இடத்தைப் பாருங்கள். தகடு உள்ளே வெளியே மூச்சு விடுகிற மாதிரி அசைந்தாலோ, பெயின்டில் மயிரிழை போல வெடிப்புத் தெரிந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு கராஜுக்குக் கொண்டுபோங்கள். கதவின் நுனியைப் பிடித்து மேலே தூக்கியும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீலும் தேய்ந்திருக்கிறது, ஸ்ட்ராப்பை மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை.

எங்கள் காரில் தூண் நன்றாக இருந்தது. கீலும் பரவாயில்லை.

நான் விட்ட பிழை

முதல் சனிக்கிழமை நான் செய்தது சோம்பேறி வேலை. துருப்பிடித்த ஆணிக்கு அடிக்கிற மெல்லிய ஸ்பிரேயை வெளியிலிருந்தே பட்டைக்கு அடித்தேன். சத்தம் நின்றது. ஆனால் அந்த மாதிரி ஸ்பிரே உள்ளே மிச்சமிருந்த பழைய கிரீஸைக் கரைத்துக்கொண்டு போய்விடும், தானும் கொஞ்ச நாளில் காய்ந்துவிடும். இரண்டு கிழமையில் கதவு முன்னைவிட மோசம். பட்டையில் கிரீஸ் இருக்கிறதா என்று எப்போதாவது பார்த்து, நல்ல கெட்டியான கிரீஸைப் பூசுவதுதான் சரி. அதுவும் தேய்வதற்கு முன். உருளை தேய்ந்த பிறகு எந்தக் கிரீஸும் பள்ளத்தைத் திருப்பிக் கொடுக்காது.

அப்பாவிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் அவருடைய மாமா ஒருவர் மொரிஸ் மைனர் வைத்திருந்தவர். “ஒரு கயிறு கட்டி விடு, காணும்” என்றார் அப்பா. “இது ஸ்போர்ட்ஸ் கார் அப்பா” என்றேன். “அதுக்கும் கயிறு ஒண்டுதான்” என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அடுத்த சனிக்கிழமை தெரிந்தது.

கழற்றிப் பூட்டும் விதம்

செக் ஸ்ட்ராப் கதவுக்குள்ளே இருப்பதால் உள்பலகையைக் கழற்றாமல் வழியில்லை. கதவில் ஏர்பேக் உள்ள புதிய கார் என்றால் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். எங்கள் பழைய காரில் அது கிடையாது. மின்சாரக் கண்ணாடி என்றால் பற்றறி வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

கைபிடியைச் சுற்றியும் இழுபிடிக்குள்ளும் ஒளிந்திருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். பலகையின் ஓரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கிளிப்கள் இருக்கும். இரும்பு ஸ்குரூ டிரைவர் வேண்டாம், தட்டையான பிளாஸ்டிக் நெம்பி ஒன்றை கிளிப்புக்குப் பக்கத்திலேயே வைத்து நெம்புங்கள். பழைய கிளிப் இரண்டு மூன்று கட்டாயம் உடையும், முதலிலேயே வாங்கி வைத்தால் நல்லது. கழற்றும் ஒவ்வொரு படியிலும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். ஸ்குரூக்களை ஒரே கிண்ணத்தில் கொட்டாமல், முட்டைப் பெட்டியின் குழிகளில் கழற்றிய வரிசையில் போடுங்கள். இது என் மகளின் யோசனை, நான் வேலையில் சொல்லிக்கொடுக்கிற எதையும்விட நன்றாக வேலை செய்தது.

பலகைக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். தேவையில்லாத சாமான் போலத் தோன்றும், கிழித்து எறியாதீர்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். பசையைக் கொஞ்சம் சூடாக்கினால் தாள் கிழியாமல் வரும். அப்படியே கதவின் அடியில் இருக்கும் தண்ணீர் போகும் துளைகளையும் குத்திவிடுங்கள். எங்கள் கதவில் ஒரு துளை மண்ணால் அடைத்திருந்தது. இன்னும் ஒரு குளிர்காலம் விட்டிருந்தால் கதவே உள்ளிருந்து உக்கியிருக்கும்.

இனித்தான் கயிற்றின் வேலை. செக் ஸ்ட்ராப்பைக் கழற்றிய நொடியிலிருந்து கதவை நிறுத்த ஒன்றுமில்லை. கொஞ்சம் மிஞ்சித் திறந்தால் கதவின் முன் ஓரம் பக்கத் தகட்டில் முட்டிப் பெயின்டையும் தகட்டையும் சேர்த்துக் கெடுக்கும். அப்பா ஒரு கயிற்றைக் கதவின் இழுபிடியிலிருந்து இருக்கையின் அடிக் கம்பிக்கு இழுத்துக் கட்டினார். கீல் பக்க இடுக்கில் நான் ஒரு பழைய துவாயைச் சுருட்டி வைத்தேன். கதவு மிஞ்சித் திறக்கவும் வழியில்லை, கையில் வந்து மூடவும் வழியில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கயிற்றைத் தட்டிக் காட்டினார்.

கதவின் ஓரத்தில் கீலுக்கு நடுவே இரண்டு பூட்டுகள், தூணில் பட்டை சேரும் இடத்தில் ஒன்று. சில கார்களில் தூண் பக்கம் போல்ட்டுக்குப் பதிலாகச் சிறிய அச்சாணி இருக்கும், அதைக் கீழிருந்து மேலே தட்டி எடுக்க வேண்டும். முப்பது வருடப் போல்ட் உடனே வராது. முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவிட்டேன். தூண் பக்கத்தை விட்ட பிறகு ஸ்ட்ராப்பைக் கதவுக்குள் தள்ளி, ஸ்பீக்கர் ஓட்டை வழியாகக் கையை விட்டு வெளியே எடுத்தேன். முழங்கையில் இரண்டு கீறல். தகட்டின் ஓரங்கள் கத்தி மாதிரி, முழுக்கைச் சட்டை போடுங்கள்.

வெளியே எடுத்துப் பார்த்தால் காரணம் கண்முன்னே. உருளைகள் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. ரப்பர் கல்லாகிச் சுருங்கி, அழுத்தம் இல்லாமல் உள்ளே ஆடியது. பட்டையின் மேடுகள் மழுங்கிப் போயிருந்தன.

புதிதா, பழையதா, பழுது பார்ப்பதா?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, புதிதாக வாங்குவது. உங்கள் காருக்குக் கிடைத்தால் இதுதான் நல்லது. எம்எக்ஸ்-5 போன்ற காரில் ஒரு வசதி, உலகில் அதிகம் விற்ற இரு இருக்கைத் திறந்த கார் அது. 2016 இல் ஹிரோஷிமாவில் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. அதனால் முப்பது வருடம் கழித்தும் சாமான் செய்து விற்கிறார்கள்.

இரண்டாவது, கார் உடைக்கும் இடத்தில் பழையது வாங்குவது. ஓட்டுநர் பக்கத்துப் பழையது உங்களுடையதைப் போலவே தேய்ந்திருக்கும். ஒரு தந்திரம் சொல்கிறேன். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஓட்டுநர் கதவு வலது பக்கம். கனடா, ஜெர்மனி, பிரான்ஸ் கார்களில் வலது பக்கக் கதவு பயணியுடையது, குறைவாகத் திறந்து மூடியது. ஆகவே அங்குள்ள ஒரு காரின் வலப்பக்க ஸ்ட்ராப் எனக்கு நல்லது, என்னுடைய இடப்பக்கம் அவர்களுக்கு நல்லது. நம்மில் யாருக்குத்தான் அந்த நாடுகளில் ஒரு சித்தப்பாவோ மச்சானோ இல்லை? வாங்குமுன் பாகத்தின் எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, பெட்டியைத் திறந்து உருளையையும் ரப்பரையும் மாற்றுவது. சாமானே கிடைக்காத கார்களுக்கு இது ஒன்றுதான் வழி. பெட்டி ரிவிட் அடித்து மூடியிருந்தால் துளைத்து எடுத்து, உள்ளே வேலை முடிந்ததும் திரும்ப உறுதியாகப் பூட்ட வேண்டும். அந்தப் பூட்டு விட்டால் கதவு முழுவதும் விட்டதுபோல. கடைசல் வேலை தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

நான் வலப்பக்கத்துக்குப் புதிதாக வாங்கினேன். பூட்டுமுன் பட்டையின் இரண்டு பக்கமும் கிரீஸ் பூசினேன், கழற்றிய வழியாலேயே உள்ளே விட்டேன். போல்ட்டுகளை முதலில் கையால் இரண்டு சுற்று எல்லாவற்றிலும் ஏற்றிவிட்டு, பிறகுதான் இறுக்கினேன். பலகையை மூடுவதற்கு முன் கயிற்றை அவிழ்த்து, கதவைப் பத்துத் தரம் மெதுவாகத் திறந்து மூடிப் பார்த்தேன். மூடிய பிறகு பிழை தெரிந்தால் எல்லாம் முதலிலிருந்து. இடப்பக்கம் அவ்வளவு தேயவில்லை, துடைத்துக் கிரீஸ் மட்டும். முழுவதும் ஒரு சனிக்கிழமை, நடுவில் அம்மா கொண்டுவந்து தந்த தேநீர் இரண்டு தரம்.

பாதியில் ‘டக்.’ முழுவதும் திறந்ததும் இன்னொரு ‘டக்.’ கையை விட்டேன், நின்றது. அப்பா தன் பங்குக்கு ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார். “இப்ப கதவு” என்றார்.

மறுநாள் மகளோடு அதே கடைக்குப் போனேன். நிறுத்தியதும் அவள் இறங்கி, வழக்கம்போலச் சுற்றி ஓடிவந்து என் கதவில் கையை வைத்தாள். திருத்தியாச்சு, பிடிக்கத் தேவையில்லை என்று நேற்று முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றவள்தான். கைக்குப் பழக்கம் போகவில்லை. கீழே இறங்கி, அவளுக்குக் கீல் பக்கத்து இடுக்கைக் காட்டினேன். ஒரு காய்ந்த குச்சியை அதில் வைத்து, கதவை ஒரு விரலால் தள்ளச் சொன்னேன். குச்சி முறிந்த சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டாள்.

அவள் சுற்றி ஓடிவருவது நிற்க இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமை எடுத்தது.